துருவக்கலத்துக்கு ‘ஊம்’ கொட்டியவர்

ஒருவர் சொன்ன கதைக்குப் பக்கத்திலேயே பத்து வருடம் நடந்துவந்த இன்னொருவருக்கு அந்தக் கதையில் ஏதாவது உரிமை உண்டா? நிலமாக இருந்தால் பட்டா பார்த்துச் சொல்லிவிடலாம். கதைக்குப் பட்டா கிடையாது. தருமனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. உரிமை உண்டு என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன், இல்லை என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கடைசியில் தருமன் செய்த காரியத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

தருமன் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இருந்த நிலம் அண்ணன்மார் இருவருக்கே போதவில்லை. இருபது வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, ஊரார் ‘கமிட்டி’ என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் கடலை மூட்டையைத் தராசில் ஏற்றுமுன் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தே எடையைச் சொல்வார். அரைக் கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டாமல் படிப்பார், ஆனால் மெதுவாக.

1973இல் அவருக்கும் மனைவி பச்சையம்மாளுக்கும் மணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. நாற்பத்தெட்டு ஞாயிறு மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டு விடியலில் நடக்கத் தொடங்கினார். அதே சமயத்தில் பள்ளியில் இயற்பியல் நடத்திய ராஜமாணிக்கம் என்ற ஆசிரியருக்குச் சர்க்கரை நோய் வந்து, நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இருவரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறவர்கள் என்பதால் மூன்றாவது வாரமே சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். நாற்பத்தெட்டு ஞாயிறும் முடிந்தன. குழந்தை பிறக்கவில்லை. நடை மட்டும் நிற்கவில்லை.

ராஜமாணிக்கத்துக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் வலது காது போய்விட்டது. மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படி சுற்றுகிறோம். அதனால் செவிட்டுக் காது மலைக்கு, நல்ல காது தருமனுக்கு என்று ஆனது. அந்த இடப்பக்கத்தில்தான் ஒரு நாள் அவர் தான் எழுத நினைத்திருந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். பூமியிலிருந்து மூவாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, முந்நூற்று இருபது வருடம் போய் ஒரு நட்சத்திரத்தைச் சேரவேண்டிய கலம். ஏறியவர்கள் யாரும் இறங்கப்போவதில்லை. அவர்களின் பேரன் பேத்திகளுக்கும் அப்பால் யாரோ இறங்குவார்கள். கலத்தின் பெயர் துருவக்கலம்.

கதை சொன்னால் கேட்கிறவர் ‘ஊம்’ கொட்ட வேண்டும். இது நம் வீடுகளில் யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிற வழக்கம். தருமன் கொட்டினார். நல்ல ‘ஊம்’ கொட்டுவது எளிது என்று நினைக்கக்கூடாது. சீக்கிரம் கொட்டினால் கதை சொல்பவருக்குத் தான் சொல்வது ஏற்கெனவே தெரிந்த விஷயமோ என்று தோன்றும். தாமதித்தால் சலிப்போ என்று தோன்றும். தருமனுக்கு அந்த இடம் சரியாகத் தெரிந்திருந்தது. ராஜமாணிக்கம் ஞாயிறு சொன்னதைத் திங்கள் முதல் சனி வரை எழுதுவார். ஒரு நாவல் முடிந்ததும் கையெழுத்துப் பிரதியைச் சென்னையில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புவார். 1974 முதல் 1981 வரை இப்படி ஆறு நாவல்கள் வந்தன.

அவற்றைப் பெரிய நாவல்கள் என்று நான் சொல்லமாட்டேன். கலத்தில் இருக்கும் எல்லோரும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களைப் போலவே பேசுவார்கள். காதல் வருகிற இடங்களில் ஆசிரியருக்கே கூச்சம் வந்து, ஒரு விண்கல் வந்து மோதிவிடும். ஆனால் இரண்டாவது நாவலில் வரும் நிறையாளர் என்ற பாத்திரம் உயிருள்ளது. அது பிறந்தது ஆடி மாதத்து ஒரு ஞாயிறு. அன்று தருமன் இப்படிக் கேட்டாராம்:

“சார், ஒரு சந்தேகம்.”

“கேளுய்யா.”

“ஏறும்போது அந்தக் கலம் இன்னா எடை?”

“எதுக்குய்யா?”

“எறங்கும்போதும் அதே எடைதான இருக்கணும்? வெளிய போவத்தான் வழியே இல்லியே. செத்தவன் சாம்பல்கூட உள்ளதான கீது. ஒரு கைப்பிடி கம்மியாச்சுன்னா யாரோ எதையோ வெளிய தள்ளிட்டாங்கன்னுதான அர்த்தம்?”

ராஜமாணிக்கம் நடுரோட்டில் நின்றுவிட்டார். அடுத்த நாவலில் நிறையாளர் வந்தார். பிறந்த குழந்தை, உதிர்ந்த இலை, இறந்தவர் உடல் எல்லாவற்றையும் எடை போட்டு, கலத்தின் நிறை குறையாமல் காப்பது அவர் வேலை. வாசகர்கள் கடிதம் எழுதியது அவரைப் பற்றித்தான். இது நீதான் என்று ராஜமாணிக்கம் சொல்லவில்லை. நான்தானே என்று தருமனும் கேட்கவில்லை. கமிட்டியில் மட்டும் ஒரு நாள், கூட வேலை செய்த ஆதிமூலத்திடம், “மூவாயிரம் பேருக்கு நான் எடை போட்டுக்கினு கீறேன், நீ இந்த மல்லாட்டைக்கு அவசரப்படற” என்றாராம்.

1983இல் ஏழாவது நாவல் தொடங்கியது. அதுதான் கடைசி. கலம் போய்ச் சேரவேண்டும். கதவு திறக்கவேண்டும். வெளியே என்ன இருக்கும் என்பதை ராஜமாணிக்கம் பத்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தார். உலகத்தில் அதை முதலில் கேட்கப்போவது தான்தான் என்பதில் தருமனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவருடைய வாழ்க்கையில் அவருக்கென்று முன்பதிவு செய்யப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான் என்று சொல்லலாம்.

ஆனி மாதத்தில் முருகையன் வந்தார். வங்கி ஒன்றில் வேலை, திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார், முப்பது வயதிருக்கும். துருவக்கல நாவல்கள் ஆறையும் அட்டை போட்டு வைத்திருந்த வாசகர். அவற்றை எழுதியவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் வீடு தேடிப் போய்க் காலில் விழுந்தார். அடுத்த ஞாயிறு கேன்வாஸ் ஷூவும், தோளில் ஒரு டேப் ரிக்கார்டருமாக மலையடிக்கு வந்து நின்றார்.

“சார் பேசறத பதிவு பண்ணிக்கறேங்கண்ணா,” என்றார் தருமனிடம். “பத்து வருஷமா எதையும் பதிவு பண்ணாம விட்டுட்டாங்களே. எவ்ளோ நஷ்டம்!”

“நான் இருந்தனே,” என்றார் தருமன்.

முருகையன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மைக்கை நீட்டியபடி ஆசிரியரின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். அவருக்குக் காது விஷயம் தெரியாது. மைக்கைப் பிடிக்க அந்தப் பக்கம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். தருமன் வலப்பக்கம் போனார். பழக்கப்படி ‘ஊம்’ கொட்டினார். கேட்கவேண்டிய காதுக்கு அது கேட்கவில்லை. அதைவிட மோசம், கேட்காததை ராஜமாணிக்கம் கவனிக்கவும் இல்லை. கதை தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மறு ஞாயிறு முருகையன் டேப்பைப் போட்டுக் காட்டினார். ஆசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குறுக்கே மெல்லிதாக ஒரு ‘ஊம்’.

“தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா,” என்றார் முருகையன். “நீங்க ‘ஊம்’ போடாம வர முடியுமா? நாளைக்கு யாராச்சும் கேக்கும்போது டிஸ்டர்பா இருக்கும்.”

தருமன் ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். ராஜமாணிக்கம் தன் குரலை முதல்முறையாக வெளியிலிருந்து கேட்ட மயக்கத்தில், “என் குரல் இப்படியா இருக்குது?” என்று டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க,” என்றார் தருமன்.

அதன் பிறகு பேசாமல் நடந்தார். தான் ‘ஊம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்று உள்ளூர அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நிற்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே போனது. முருகையன் ஈர்ப்பு விசை பற்றிக் கேட்டார், வேகம் குறையும்போது கலத்துக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டார். பள்ளியில் யாரும் கேட்காத கேள்விகள். ராஜமாணிக்கம் கையை வீசி வீசிப் பதில் சொன்னார். வலப்பக்கம் திரும்ப அவருக்கு நேரமில்லை.

பொறாமை என்று சொன்னால் நாம் பொதுவாக நினைப்பது, தன்னிடம் இல்லாத ஒன்றை அடுத்தவரிடம் பார்த்து வயிறு எரிவது. தருமனுடையது அதைவிடக் கசப்பானது. இருந்த ஒன்று பங்கு போடப்படுவதை அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டு பார்த்தார். முருகையன் கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. “நீங்க குடுத்து வெச்சவங்கண்ணா, ஆறு நாவலும் பொறக்கறப்பவே கேட்டீங்களே” என்று மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டு, மாற்று பேட்டரிகளும் கேசட்டுகளும் இருந்த பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருமனிடமே கொடுத்தார். தருமன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“அம்பது கிராம் இருக்குமா?” என்றார் யாரிடமும் இல்லாமல். “இதுக்குள்ளாற அடைச்சிடுவானாம்.”

அவர் செய்த சின்னச் சின்ன வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். இரைச்சலான இடமாகப் பார்த்து நடையை மெதுவாக்குவார். லாரி வந்தால் இருமுவார். ஒரு ஞாயிறு மழை பெய்து முருகையன் ரிக்கார்டரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடியபோது, வாய்விட்டுச் சிரித்தார். கமிட்டியில் எடையில் தவறு செய்தார். இருபத்தொரு வருடத்தில் அது முதல் தடவை.

“இன்னா தருமா, வாத்தியாருக்குப் புது ஆளு கெடச்சிட்டாராமே?” என்றார் ஆதிமூலம். “மெஷினெல்லாம் வெச்சிக்கினு சுத்தறாராம்?”

“மலைய ஷூ போட்டுக்கினு சுத்தறவன்லாம் ஒரு ஆளா?” என்றார் தருமன்.

வீட்டில் பச்சையம்மாள் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நடை முடிந்து வந்து சாப்பிடும்போது அன்றைய கதையைத் தருமன் அவளுக்குச் சொல்வது வழக்கம். இப்போது சொல்வதில்லை.

“இன்னிக்கு ஆகாசத்துல இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல.”

“மூஞ்சியப் பாரு. எனக்கே ஒரு சக்களத்தி வந்திருந்தாலும் நான் இப்படி உக்காந்திருக்க மாட்டேன். போய் அந்தாளு மெஷின ஒடச்சிட்டு வாங்களேன்.”

“ஒடச்சா வேற வாங்குவான். பேங்க்ல வேலை.”

“அப்ப நீங்க போவாதீங்க.”

“போவாம? கடைசி கதடி. கதவு தொறக்கப்போவுது.”

கார்த்திகை தீபம் முடிந்த இரண்டாவது ஞாயிறு, கதவு திறந்தது. மூவரும் மலையைச் சுற்றும் வழியில் உள்ள அடிஅண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேசட் முருகையனிடம் இன்னும் இருக்கிறது. நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

கலம் தரையிறங்கிவிட்டது. கதவு திறக்கிறது. வெளியே மேலிருந்து என்னவோ விழுந்துகொண்டிருக்கிறது. யாரும் இறங்கவில்லை. முந்நூறு வருடமாகக் கலத்துக்குள்ளேயே பிறந்து இறந்தவர்களின் வாரிசுகள், அது என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ தாக்குகிறார்கள் என்கிறார் ஒருவர். கதவை மூடு என்கிறார் இன்னொருவர். அப்போது அந்தத் தலைமுறையின் நிறையாளர் கீழ்த்தளத்துக்குப் போகிறார். அங்கே இருநூற்றுப் பதினான்கு பேர் உறங்குகிறார்கள். பூமியில் பிறந்து, கலத்தில் ஏறி, மூன்றாவது நாவலில் உறைநிலையில் உறங்கப்போனவர்கள். அவர்களை எழுப்புகிறார். முதலில் எழுந்த பெண் தட்டுத்தடுமாறி மேலே வருகிறாள். கதவருகே நின்று கையை வெளியே நீட்டுகிறாள். நனைந்த உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டி, “பயப்படாதீங்க, மழைதான்” என்கிறாள்.

ராஜமாணிக்கம் எழுதியவற்றிலும் சொன்னவற்றிலும் தயங்காமல் நான் பாராட்டக்கூடியது இந்த ஓர் இடம்தான். டேப்பில் டீ கிளாஸைப் பெஞ்சில் வைக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு முருகையனின் குரல்.

“பிரமாதம் சார். ஒரே ஒரு சந்தேகம். யாரு சார் அந்த இருநூத்திப் பதினாலு பேரு?”

“மூணாவது புக்குல தூங்கப் போனாங்களேய்யா.”

“மூணாவதுல அப்படி ஒண்ணும் இல்லையே சார். அஞ்சு தடவை படிச்சிருக்கேன்.” பையைத் துழாவும் சத்தம். “இதோ, பாருங்க சார்.”

பக்கங்கள் புரளும் சத்தம் நீண்ட நேரம் கேட்கிறது. ராஜமாணிக்கம் அச்சில் வந்த தன் நாவல்களைப் படிப்பதில்லை, கூச்சம். பதிப்பகத்தில் பக்கக் கணக்குக்காக ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அச்சிட்டது அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் பிரதி திரும்பி வந்ததும் இல்லை. வாசகர்களுக்கோ, அப்படி ஓர் அத்தியாயம் இருந்ததே தெரியாது.

தருமனுக்குத் தெரியும். புத்தகம் வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்து, கேட்டது எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவர் வழக்கம். 1977இல் மூன்றாவது நாவல் வந்தபோது மூன்று நாள் தேடிவிட்டு, “அந்த இருநூத்திப் பதினாலு பேரு இதுல இல்லடி” என்று பச்சையம்மாளிடம் சொல்லியிருக்கிறார். “வருத்தமா சொல்லல” என்றாள் அவள் என்னிடம். “திருட்டு மாங்கா தின்ன மாதிரி சிரிச்சிக்கினே சொன்னாரு. வாத்தியார்கிட்ட சொல்லுங்கன்னேன். வேணாம், இருக்கட்டும்னாரு.” ஆறு வருடமாக அந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் உறங்கிக்கொண்டிருந்த இடம் தருமனின் மனம் மட்டும்தான்.

டேப்பில் ராஜமாணிக்கத்தின் குரல் தளர்ந்துவிட்டிருந்தது.

“நான் எழுதலியா? சும்மா நெனச்சுக்கிட்டேனா? போன மாசம் வகுப்புல ஒரு பையன் பேரே வரல எனக்கு. அது மாதிரி ஆயிடுச்சா?”

“மனசுல நெனச்சிருப்பீங்க சார். பரவால்ல சார், முடிவ வேற மாதிரி வெச்சிக்கலாம்,” என்றார் முருகையன்.

“இரு. தருமன் இருக்கான்ல.” பெஞ்சு கிறீச்சிடுகிறது. ராஜமாணிக்கம் உடம்பை முழுவதுமாகத் திருப்பி, நல்ல காதைத் தருமன் பக்கம் கொண்டுவந்தார் என்று முருகையன் சொன்னார். “தருமா, நீ சொல்லுய்யா. உனக்குத் தெரியாதது எதுவும் இல்ல. இவங்கள நான் உங்கிட்ட சொன்னேனா இல்லியா? ‘சொன்னீங்க’ன்னு நீ சொன்னா போதும். புஸ்தகத்துல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? முன்னுரையில உன் பேரையே போட்டு, இவன் சாட்சின்னு எழுதி, இந்த முடிவையே வெச்சிடறேன்.”

ஐந்து மாதமாகத் தருமன் இழந்தது எல்லாம் ஒரே சொல்லில் திரும்பக் கிடைக்கும்படி அங்கே இருந்தது. டேப் ரிக்கார்டருக்கோ, ஐந்து தடவை படித்தவருக்கோ தெரியாத ஒன்று அவரிடம் மட்டுமே இருக்கிறது என்பதை ராஜமாணிக்கம், முருகையன் இருவர் முன்னாலும் காட்டலாம். அதுவும் உண்மையைச் சொல்லியே.

டேப்பில் ஒரு பஸ் கடந்து போகிறது. டீக்கடைக்காரர் யாரிடமோ சில்லறை கேட்கிறார். பிறகு தருமனின் குரல், மைக்குக்கு வெகு தொலைவிலிருந்து.

“இல்ல சார். அந்த மாதிரி நீங்க ஒண்ணும் சொல்லல.”

“நல்லா யோசிச்சுப் பாருய்யா.”

“யோசிச்சிட்டுத்தான் சொல்றேன்.”

ஏழாவது நாவல் 1984 சித்திரையில் வந்தது. கதவு திறக்கிறது, வெளியே வெயில், குழந்தைகள் ஓடுகிறார்கள். வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பச்சையம்மாள், “அவங்கள யாரும் எழுப்பவே இல்லியா?” என்றாள். தருமன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கமிட்டிக்குக் கிளம்பிப் போனார். 1988இல் தருமன் இறக்கும்வரை அவள் பல தடவை கேட்டிருக்கிறாள், அதற்கு முன்பே போய்விட்ட ராஜமாணிக்கம் உயிரோடிருந்தபோதும் பிறகும். டீக்கடையில் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத் தருமன் அவளிடம்கூடச் சொல்லவில்லை.